ஆயில்யம் கழியும் வரை

மார்கழி 22, ஞாயிறு

வாணி பிரசவத்துக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை தாமோதரன் திருப்பூரிலிருந்து காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, காபி குடித்த கையோடு கிளம்பிவிட்டார். பாலிடெக்னிக்கில் பரீட்சை நேரமாம். தங்கமான மனுஷன். ஜாதகத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் முகத்துக்கு நேராக அதைச் சொன்னதில்லை.

வாணிக்கு முப்பத்து நான்கு வயது. தலைப்பிரசவம். இவ்வளவு தாமதமானதற்கு அவள் நட்சத்திரம்தான் காரணம். ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியார் தங்கமாட்டாள் என்று ஊரெல்லாம் ஒரு பயம். ஜோசியர் மகள் என்று ஆசையாக வந்து கேட்டவர்கள், நட்சத்திரத்தைக் கேட்டதும் எழுந்து போனார்கள். பதினொரு ஜாதகம் திரும்பி வந்தது. அந்தப் பதினொன்றில் மூன்றை ஆகாது என்று திருப்பியவர்கள் என்னிடமே தொழில் கற்றவர்கள். கடைசியில் அம்மா இல்லாத மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்தேன். முப்பத்தெட்டு வருஷமாக கோபியில் ஊருக்கே பொருத்தம் பார்த்தவன், சொந்த மகளுக்கு அப்படித்தான் பார்க்க முடிந்தது.

நான் நாட்குறிப்பு எழுதுவது தெய்வானைக்கு எப்போதும் சிரிப்பு. "ஊருக்கெல்லாம் நாளைக்கு நடக்கறதச் சொல்றவருக்கு, நேத்து நடந்தது மறந்து போகுதுங்களா?" என்பாள். மனைவிக்குப் பதில் சொல்ல எந்த நூலிலும் வழி எழுதி வைக்கவில்லை.

மார்கழி 26, வியாழன்

குழந்தை தலை மேலே இருக்கிறதாம். ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தை மூன்றிலிருந்து எட்டுக்குள் ஒரு நாள் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு உள்ளூர சந்தோஷம். ஆபரேஷனுக்கு நேரம் குறிப்பதில் இந்தத் தாலுகாவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதுவரை நாற்பத்தாறு குழந்தைகள் நான் சொன்ன நிமிஷத்தில் பூமிக்கு வந்திருக்கின்றன.

பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். தை 3 பூசம் நல்ல நட்சத்திரம், ஆனால் எட்டாமிடம் சரியில்லை. தை 4 ஆயில்யம். அந்தப் பேச்சே வேண்டாம். தை 5 வெள்ளிக்கிழமை காலை 7.40க்கு ஆயில்யம் முடிந்து மகம் வருகிறது. இரண்டும் சேரும் அந்தச் சந்தியைக் கண்டாந்தம் என்போம், அதையும் தாண்ட வேண்டும். ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. பகல் 1.50க்கு ரிஷப லக்னம், லக்னத்திலேயே குரு. இப்படி ஒரு கட்டம் என் கைக்கு வந்து எத்தனையோ வருஷமாயிற்று.

பிறந்த நேரம் என்பது எது என்பதில் பழைய நூல்களுக்குள்ளேயே சண்டை உண்டு. தலை தெரியும் நேரம் என்று ஒன்று, பூமியைத் தொடும் நேரம் என்று ஒன்று, முதல் அழுகை என்று இன்னொன்று. நான் அழுகைக் கட்சி. ஜோசியர் சங்கக் கூட்டத்தில் இதற்காகக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறேன். தெய்வானையிடம் என் கைக்கடிகாரத்தை இப்போதே கொடுத்துவிட்டேன். வானொலி மணிக்குச் சரிபார்த்தது. தியேட்டர் வாசலில் நின்று, குழந்தை அழும் சத்தம் கேட்ட நொடியைக் குறிக்க வேண்டும்.

"அழுவறதக் கேட்டா எனக்கு மணி பாக்கத் தோணுமா? நான் அம்மாயி ஆவறனுங்க" என்றாள், பாட்டியாகப் போகிறவள்.

தை 1, திங்கள்

பொங்கல் வடக்குப் பக்கம் பொங்கியது. வாணி சாப்பிடும்போது தட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்து ஒரு உதை, தட்டு ஆடி கரும்புத்துண்டு கீழே விழுந்தது. "பாருங்கப்பா, அப்புச்சி வீட்டுப் பொங்கல் பத்தலையாமா" என்று சிரித்தாள். அப்புச்சி நான்தான்.

தை 4, வியாழன்

காலையில் ஸ்கேன். பனிக்குடத் தண்ணீர் ரொம்பக் குறைந்திருக்கிறதாம். "நாளைக்கு வரைக்கும் எதுக்குங்க? இன்னிக்கு மதியம் பன்னெண்டேகாலுக்கு எடுத்துடறேன்" என்றார் டாக்டரம்மா. டாக்டர்கள் இப்படித்தான், எல்லாவற்றுக்கும் அவசரம். இன்று நாள் பூராவும் ஆயில்யம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் வாணியைப் பார்த்தார். வாணி என்னைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டேன். "உங்களுக்குத் தெரியாததுங்களா மாமா, நீங்க சொல்றபடி" என்றார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார் டாக்டரம்மா. "அசைவு கொறஞ்சா ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது, உடனே வந்துடணும்" என்று வாணியிடம் இரண்டு முறை சொன்னார். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தானே.

ஒரு சம்சயத்துக்குப் பழைய நூலை எடுத்து ஆயில்யம் பற்றிய பக்கத்தைப் பார்த்தேன். நான் நினைத்தபடியேதான் இருந்தது. பெண் குழந்தையாக இருந்தால் இருபத்தைந்து வருஷம் கழித்து எவனும் அவள் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது.

தை 5, வெள்ளி

பகல் 11.24.

தை 7, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

நான் ஈஸ்வரன் கோயிலுக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் தெய்வானை வாணியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அதற்குள் எடுத்திருக்கிறார்கள். ராகு காலத்தில் கத்தி வைத்தால் எப்படி விளங்கும்? யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான் போனபோது தெய்வானை தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் என் கடிகாரம். என்னைப் பார்த்ததும் அதை நீட்டினாள். "அழுவவே இல்லீங்க. நானும் பாத்துட்டே இருந்தேன். அழுவவே இல்லீங்க." அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண் குழந்தை. நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "மொகத்தப் பாக்கறீங்களா?" என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை பார்த்தார். மயானத்துக்கும் அவர்தான் தூக்கி வந்தார். இரண்டு கையிலும் ஏந்தி, கீழே குழி இருப்பதுபோல ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து நடந்தார். நான் பின்னால் போனேன்.

கடிகாரம் மேசை டிராயரில் இருக்கிறது. சரியாகத்தான் ஓடுகிறது.

தை 10, புதன்

வாணியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறார்.

காலையில் தெய்வானை என்னிடம் மல்லிகைப்பூ வாங்கிவரச் சொன்னாள். நாலு முழம், கட்டாயம் மல்லிகைதான் வேண்டும் என்றாள். பனிக்காலத்தில் மல்லிகை எங்கே கிடைக்கும்? மார்க்கெட் முழுக்க அலைந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பூக்காரம்மாவிடம் கிடைத்தது. "ஜோசியர் வீட்டுல விசேஷமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே அரை முழம் கூடவே வைத்துக் கொடுத்தது. எதற்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வாணிக்குப் பால் சுரந்துவிட்டது. வற்றுவதற்காக மல்லிகையை மாரில் வைத்துக் கட்டுகிறார்கள். கதவைச் சாத்தியிருந்தும் வீடு பூராவும் மணம். என்னால் உட்கார முடியவில்லை.

மத்தியானம் என் அக்கா பாவாயி வந்தது. அதற்கு வாய் சும்மா இருக்காது. "ஏஞ்சாமி, வயித்துல அசையலீன்னா உனக்குத் தெரியாதா? கொஞ்சம் முன்னாலயே பாத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டது.

"பத்தரை மணிக்குத்தாங்க அத்தை கவனிச்சேன்" என்றாள் வாணி.

நான் முன்னறையில் இருந்தேன். எல்லாம் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வெற்றிலை வாங்கப் போனேன். வீட்டில் வெற்றிலை இருந்தது.

தை 14, ஞாயிறு

வாணி முன்னறைக்கு வந்து, ஜாதகம் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார முடிந்தது.

"அப்பா, அவளுக்கு ஒரு ஜாதகம் எழுதிக் குடுங்க."

பிறந்த நேரம் வேண்டும் சாமி, அது இல்லையே என்றேன். பதினொன்று இருபத்து நான்கு என்பது வெளியே எடுத்த நேரம், முதல் அழுகைதான் ஜனனம் என்று சொன்னேன். வாய் தானாகப் பேசியது. சங்கக் கூட்டத்தில் பேசுவதுபோலவே பேசியது.

"அழுவலீன்னா பொறக்கலீங்களாப்பா?" என்றாள்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஊர்ல எல்லாக் கொழந்தைக்கும் எழுதறீங்க" என்று கதவருகே நின்று சொன்னாள்.

தை 16, செவ்வாய்

இன்று ஒரு இளம் தம்பதி வந்தார்கள். ஆபரேஷனுக்கு நேரம் குறிக்க வேண்டுமாம். அந்தப் பெண் நடந்து வருவதைப் பார்த்ததும் பஞ்சாங்கத்தை மூடி வைத்தேன். "டாக்டர் எப்பச் சொல்றாங்களோ அதான் நேரம், போங்க" என்றேன். "அப்ப நட்சத்திரமுங்க?" என்றான் அந்தப் பையன். "பொறந்ததுக்கப்பறம் வா, என்ன நட்சத்திரமோ அதுல நல்லதா நான் எழுதித் தர்றேன்" என்று விரட்டாத குறையாக அனுப்பினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

சாயந்திரம் மாப்பிள்ளை வாணியிடம் பேசியது காதில் விழுந்தது. அவர் அதட்டுகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ஒரு மணி நேரம் முன்னாடி போயிருந்தாக்கூடப் பொழச்சிருக்கும்னு டாக்டர் சொல்றாங்க வாணி. உனக்கு ஒண்ணுமே தோணலையா?" வாணி அந்தப் பக்கமாகப் போன என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "தோணலீங்க" என்றாள்.

தை 17, புதன்

இரண்டு விஷயம் நான் எழுதாமல் விட்டது.

ஒன்று. பழைய நூலில் நான் நினைத்தபடியேதான் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். அது பாதிதான். ஆயில்யத்தின் தோஷம் இன்னது என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பரிகாரமும் சொல்லியிருக்கிறது. அதே நட்சத்திரம் திரும்ப வரும் நாளில் ஒரு குடம் நீர் வைத்து மந்திரம் சொல்லிக் குழந்தையை நீராட்டி, கிண்ணத்து எண்ணெயில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். அத்தோடு தோஷம் போயிற்று. முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை வீட்டுக்கு நானே இதைச் செய்து வைத்திருக்கிறேன். அன்று அந்த வரியையும் படித்தேன். படித்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்பினேன். பரிகாரம் செய்த ஜாதகத்தையும் திருப்பித்தானே கொடுத்தார்கள். வாணிக்கும் நான் அதைச் செய்திருந்தேன்.

இரண்டாவது. வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. நான் பஞ்சாங்கத்தோடு முன்னறையில் இருந்தேன். தெய்வானை பால் வாங்கப் போயிருந்தாள். வாணி வந்து நின்றாள்.

"அப்பா, எந்திரிச்சதுல இருந்து அசையவே இல்லீங்கப்பா. போலாமுங்களா?"

நான் மணிக்கட்டைப் பார்த்தேன். கடிகாரம் தெய்வானையிடம் இருந்தது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆயில்யம் கழிய இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம். "தூங்குது சாமி. சக்கரைத் தண்ணி குடிச்சுட்டு ஒருக்களிச்சுப் படு. ஏழே முக்காலுக்கு நட்சத்திரம் மாறிரும், அப்பறம் கண்டாந்தம் கழியோணும். ஒண்ணும் பயப்படாத, அப்பா பாத்துத்தானே வெச்சிருக்கேன்" என்றேன். ஒன்பதரைக்கு மறுபடியும் கதவருகே வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரந்தான் என்று கையைக் காட்டிவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டேன்.

ஆறரைக்கே என்னிடம் வந்து கேட்டதை அவள் அம்மாவிடமும் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டு நாளாக என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். நானும் போடட்டும் என்று விட்டிருக்கிறேன்.

தை 19, வெள்ளி

ஜாதகத்தை எழுதி முடித்தேன். வழக்கமாக முதலில் எழுதும் வாழ்த்துச் சுலோகம், தாய்க்கும் பிள்ளைக்கும் சௌக்கியம் கேட்பது. இரண்டு முறை பேனாவை வைத்தும் எழுத வரவில்லை. இடம் விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் எழுதினேன். மஞ்சள் தடவி, மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லா வீட்டுக்கும் வாசிப்பதுபோல வாசித்தேன்.

"தை மாதம் நாலாம் தேதி, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டேகால் மணி, ஆயில்ய நட்சத்திரம்…"

"மாமா," என்றார் மாப்பிள்ளை. "வெள்ளிக்கெழமைங்க."

"டாக்டரம்மா எடுக்கறேன்னு சொன்ன நேரத்துக்கு எழுதியிருக்கேன் மாப்பிள்ளை. அதான் அவ பொறந்திருக்கோணும்."

மேலே வாசித்தேன். தசை எழுதும்போது, வயிற்றுக்குள் கழிந்த காலத்தைக் கர்ப்பச் செல் என்று கழித்துவிட்டு, மிச்சத்தை இருப்பு என்று போடுவோம். அதிலிருந்துதான் ஆயுள் கணக்கு ஓடும். கர்ப்பச் செல் போக புதன் தசை இருப்பு வருஷம் பன்னிரண்டு, மாதம் பத்து, நாள் ஒன்பது. பன்னிரண்டு வயது வரை புதன். படிப்பில் கெட்டி, வாய்த்துடுக்கு, தாய் வழிப் பாட்டனிடம் செல்லம்.

காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "மாப்பிள்ளை, வெள்ளிக்கெழம காலைல ஆறரைக்கே வாணி எங்கிட்ட வந்து சொல்லுச்சு. நாந்தான் படுன்னு சொன்னேன். அதும்மேல தப்பில்ல."

தெய்வானை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து வாணி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

வாணி அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க சொன்னதுக்காக மட்டும் படுக்கலீங்கப்பா. அவளுக்கு எம்பட நட்சத்திரம் வேண்டாம்னு எனக்கும் இருந்துச்சு. பதனோரு தடவ அவங்க எந்திரிச்சுப் போறப்ப, காபி டம்ளர எடுத்தவ நாந்தானுங்க. கடிகாரத்தப் பாத்துட்டே படுத்திருந்தேன்."

பிறகு ஜாதகத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாலு பேரில் முதலில் அழுதது நான்.

தை 21, ஞாயிறு

வாணியைத் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டார் மாப்பிள்ளை. துணைக்குத் தெய்வானையும் போயிருக்கிறாள். போகும்போது என்னிடம் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தெய்வானை மட்டும் ரசம் அடுப்பு மேல் இருக்கிறது என்றாள்.

மாசி 2, புதன்

இன்று ஆயில்யம். இருபத்தேழு நாளில் நட்சத்திரம் சுற்றித் திரும்பி வந்துவிட்டது.

குளித்துவிட்டு, நூலில் சொன்னபடி ஒரு குடம் நீர் நிரப்பி வைத்தேன். வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றினேன். எல்லாம் எடுத்து வைக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மந்திரம் சொல்லி முடித்துக் கிண்ணத்துக்குள் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. வேறென்ன தெரியும்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. வாணி. போன பிறகு முதல் தடவையாக.

"அப்பா, கோயிலுக்கு வந்தனுங்க. இன்னைக்கு எனக்கும் அவளுக்கும் ஆயில்யமில்லீங்களா. அர்ச்சனைக்குப் பேர் கேட்டாங்க. பேர் இல்லீங்க, நட்சத்திரம் மட்டும் இருக்குதுன்னேன். அப்படியே பண்ணிட்டாங்க."

"சரி சாமி" என்றேன். நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கோயில் மணிச் சத்தம் போனில் கேட்டது. இருபத்தாறு நாளாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன்.

"கண்ணு, அவ யாராட்டம் இருந்தா?"

மணிச் சத்தம் நின்றது. வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"உங்களாட்டந்தானுங்கப்பா. நெத்தி, மூக்கு, எல்லாமே."

போனை வைத்துவிட்டு, மறுபடியும் அந்தக் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தேன்.